கதவு மூடிய திங்கட்கிழமை

உலகச் சந்தையின் காய்ச்சல் கோவளம் கரையைத் தொட்டது 1720களில். 1720ஆம் வருஷம் லண்டனில் தென்கடல் கம்பெனியின் பங்குகளும் பாரிஸில் மிசிசிப்பி கம்பெனியின் பங்குகளும் வானத்துக்கு ஏறி, அதே வேகத்தில் தரைக்கு வந்தன. இனிப் பங்கு என்ற பேச்சை எடுத்தாலே ஐரோப்பா காதைப் பொத்திக்கொள்ளும் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். மூன்றே வருஷம். 1723 ஆகஸ்டில் ஆண்ட்வெர்ப் நகரில் ஆஸ்டெண்டு கம்பெனி என்ற புதிய கிழக்கிந்தியக் கம்பெனி பங்கு விற்க உட்கார்ந்தது. தலா 1,000 கில்டர் வீதம் 6,000 பங்குகள். மறுநாள் பொழுது சாய்வதற்குள் அத்தனையும் தீர்ந்துபோயின. அந்தக் கம்பெனியின் சோழமண்டலக் கரைக் கிடங்கு இருந்த இடம், சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கும் கோவளம். அவர்கள் வாயில் அது ‘கபலோன்’. புதிதாக ஒரு போட்டி முளைப்பதை இங்கிலாந்தும் ஹாலந்தும் பொறுக்கவில்லை. தன் மகள் பட்டத்துக்கு வர அந்த நாடுகளின் சம்மதம் தேவைப்பட்ட ஆஸ்திரியச் சக்கரவர்த்தி, 1727ல் கம்பெனியை நிறுத்திவைத்து, 1731ல் கைகழுவிவிட்டார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடைக்கு, கடல் கடந்து எங்கோ நடந்த பேரத்தில் பூட்டு விழுந்தது. பின்னாளில் அதே கரைக்கு வந்து சேர்ந்த பெரும் பணக்காரருக்கு இந்தக் கதை தெரிந்திருந்ததா என்பது அவருக்கே வெளிச்சம்.

அந்தப் பணக்காரர் ஜான் டி மான்டி, சென்னையில் வியாபாரம் செய்த போர்த்துகீசியர். கோவளத்தில் 1808ல் கார்மேல் மாதா கோயிலைக் கட்டியவர் அவர்தான். 1821ல் இறந்தபோது அந்தக் கோயிலிலேயே அடக்கமானார். சென்னையில் அவர் விட்டுப்போன சொத்துகளில் ஒன்று ஆழ்வார்பேட்டையில் இன்றும் அவர் பெயரைச் சுமக்கிறது. 2015ல் வந்த ‘டிமான்டி காலனி’ படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னதும் பேய்தான் நினைவுக்கு வரும். உண்மையான டி மான்டிக்கு வியாபாரத்தில் ஒரு கூட்டாளி இருந்தார். பேய்க்கதையைவிடப் பெரிய கதி கலக்கம் அந்தக் கூட்டாளியின் பெயரில்தான் வரவிருந்தது.

கூட்டாளி ஸ்காட்லாந்துக்காரரான ஜார்ஜ் ஆர்பத்நாட். 1810 வாக்கில் வேரூன்றிய அந்த வியாபாரம் ஒரு காலத்தில் ‘ஆர்பத்நாட், டி மான்டி அண்டு கம்பெனி’ என்றே அழைக்கப்பட்டது. டி மான்டி போனார், அவர் பெயரும் போனது. ஆர்பத்நாட் அண்டு கம்பெனி நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னையில் மூன்று ஆங்கிலேய வியாபார நிறுவனங்களுக்கு ராஜ மரியாதை: பாரி, பின்னி, ஆர்பத்நாட். மூன்றில் அசைக்கமுடியாதது எது என்று கேட்டால் ஊரே ஆர்பத்நாட்டைக் காட்டும். ஏற்றுமதி, இறக்குமதி, ஏஜென்சி எல்லாவற்றுக்கும் மேலே பொதுஜனங்களிடம் டெபாசிட் வாங்கி வட்டியும் கொடுத்தார்கள். பென்ஷன் வாங்கிய உத்தியோகஸ்தர்கள், வக்கீல்கள், ஜமீன்தார்கள், கணவனை இழந்த பெண்கள் எல்லோரும் அங்கே பணம் போட்டார்கள். பெண் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணமும் பிள்ளை படிப்புக்கு ஒதுக்கிய பணமும் ஆர்பத்நாட் ரசீதாக மாறி இரும்புப் பெட்டியில் உட்கார்ந்தன. துரை கையெழுத்துப் போட்ட ரசீது தங்கத்துக்குச் சமம் என்பது அன்றைய நம்பிக்கை.

அந்த நம்பிக்கையில் ஒரு ஓட்டை இருந்தது. ஆர்பத்நாட் ஒரு லிமிடெட் கம்பெனி அல்ல, சில துரைமார் சேர்ந்து நடத்திய கூட்டு வியாபாரம். அதன் ஐந்தொகையை ஊருக்குக் காட்டவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. உள்ளே என்ன இருக்கிறது என்று பணம் போட்டவருக்குத் தெரியாது, கேட்கவும் வழியில்லை. காலம் 1906ஐ நெருங்கிக்கொண்டிருந்தது, ரிசர்வ் வங்கி வருவதற்கு இன்னும் சுமார் முப்பது வருஷம் இருந்தது. அப்போதைய தலைமைப் பங்குதாரர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட், டி மான்டியின் கூட்டாளி அல்ல, அதே பெயர் கொண்ட பின்தலைமுறைக்காரர். சட்டசபையில் இருந்தவர், வர்த்தக சபையின் தலைவராகவும் இருந்தவர். அவரைவிடப் பெரிய ஜாமீன் என்ன வேண்டும் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். ஆனால் ஜாமீனின் மறுமுனை சென்னையில் இல்லை. அது லண்டனில், பேட்ரிக் மக்ஃபேடியன் என்ற இன்னொரு பங்குதாரரின் கையில் இருந்தது.

பி. மக்ஃபேடியன் அண்டு கம்பெனி என்ற லண்டன் நிறுவனம் ஆர்பத்நாட்டுக்கு உடன்பிறப்பு மாதிரி. சென்னையில் சேர்ந்த பணம் அங்கே போகும், அங்கே மக்ஃபேடியன் அதை வைத்து ஊக வியாபாரம் செய்வார். அகப்பட்டதில் எல்லாம் பணத்தைப் போட்டார், போட்டதில் பெரும்பாலும் கையைச் சுட்டுக்கொண்டார். ஒரு நஷ்டத்தை மறைக்க இன்னொரு கடன், அதை அடைக்கப் புது டெபாசிட் என்று வண்டி ஓடியது. மயிலாப்பூரில் ஒரு குடும்பம் எறும்பு மாதிரிச் சேர்த்த பணம், தான் எங்கே போகிறோம் என்று தெரியாமல் லண்டன் சந்தையில் கரைந்துகொண்டிருந்தது. கடன் மலிவாகக் கிடைத்தவரை இந்தச் சூது வெளியே தெரியவில்லை. அந்த மலிவுக் காலத்துக்கு முடிவு கட்டியது லண்டனும் இல்லை, சென்னையும் இல்லை.

1906 ஏப்ரல் 18, விடியற்காலை. அமெரிக்காவின் மேற்குக் கரையில் சான் ஃபிரான்சிஸ்கோ நகரம் பூகம்பத்தில் குலுங்கியது. இடிந்ததைவிட எரிந்தது அதிகம், நாட்கணக்கில் நகரம் எரிந்தது. நெருப்புக்கு எதிரான காப்பீடுகளில் பெரும் பங்கை எழுதியிருந்தவை பிரிட்டிஷ் கம்பெனிகள். அவை நஷ்டஈட்டைக் கொடுத்தாகவேண்டும், அதுவும் அன்றைய வழக்கப்படி தங்கமாக. கப்பல் கப்பலாகத் தங்கம் லண்டனிலிருந்து அமெரிக்காவுக்குப் போனது. கஜானா இளைப்பதைப் பார்த்த இங்கிலாந்து வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியது. செப்டம்பரில் 4 சதவீதம். அக்டோபர் 11ல் 5. எட்டே நாளில், அக்டோபர் 19 வெள்ளிக்கிழமை, 6. அந்தக் காலத்துக்கு அது நெஞ்சில் கை வைக்கும் வட்டி. மக்ஃபேடியனின் நஷ்டம் பூகம்பத்தால் வந்ததல்ல. அது பல வருஷப் புண். ஆனால் கடன் வாங்கிக் கடனை அடைப்பவனுக்கு வட்டி ஏறும் நாள்தான் கெட்ட நாள். வெள்ளி போய்ச் சனி பிறந்தது.

சனிக்கிழமை, அக்டோபர் 20, பேட்ரிக் மக்ஃபேடியன் லண்டனில் ஓடும் ரயிலின் முன் விழுந்து உயிரை விட்டார். அவருடைய நிறுவனத்தின் கதவு அன்றே மூடியது. அந்தச் செய்தி கடலடித் தந்திக் கம்பி வழியாகச் சென்னைக்கு வந்தது. நடுவில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. நகரம் வழக்கம்போலச் சாப்பிட்டுத் தூங்கியது. பணம் போட்டிருந்தவர்களில் எத்தனை பேர் அன்றைக்கும் பெட்டியைத் திறந்து ரசீதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினார்களோ!

அக்டோபர் 22, திங்கட்கிழமை. ஆர்பத்நாட் அண்டு கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. மெட்ராஸ் பாஷையில் சொன்னால், மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டது. சுமார் பத்து லட்சம் பவுன் பொறுப்புகளோடு நூறு வருஷ வீடு குப்புற விழுந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் ரசீது ஒரே காலையில் வெறும் காகிதமாகியது. இன்று ஒரு வங்கி மூழ்கினால் 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட்டுக்குக் காப்பீடு இருக்கிறது. அந்தத் திங்கட்கிழமை அப்படி ஒரு கயிறு யாருக்கும் இல்லை. அறுபது வயதில் சேமிப்பு முழுவதும் போன ஒருவர் மறுபடி எங்கிருந்து தொடங்குவார்? வரலாற்றுப் புத்தகங்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அந்த ஒரு வரிக்குள் நின்றுபோன கல்யாணங்களும் பாதியில் விட்ட படிப்புகளும் புதைந்து கிடக்கின்றன. ஆர்பத்நாட் தனியாகவும் விழவில்லை. பின்னியும் ஆட்டம் கண்டு, பிற்பாடு இன்ச்கேப் பிரபு ஆன ஜேம்ஸ் மக்கேயின் கைக்குப் போய்த்தான் பிழைத்தது. அடுத்து எது என்று சென்னை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த வேளையில், மயிலாப்பூர் வக்கீல் ஒருவர் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குக் கிளம்பினார்.

வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர். 1863ல் திருவிடைமருதூரில் பிறந்தவர், சென்னையின் முன்னணி வக்கீல்களில் ஒருவர். மயிலாப்பூர் சமஸ்கிருதக் கல்லூரியும் வேங்கடரமணா ஆயுர்வேத வைத்தியசாலையும் அவர் எழுப்பியவை. அரசியலில் மிதவாதி. தீவிரவாத அணியில் நின்ற பாரதியின் தேசப் பாடல்களைக் கேட்டு மனம் கரைந்து, தன் செலவில் அச்சடித்து ஊருக்கு இலவசமாகக் கொடுத்தவரும் இவர்தான். எதிர்க் கட்சிக்காரனின் பாட்டுக்குப் பணம் செலவழிக்கிற மனசு எத்தனை பேருக்கு வரும்! அந்த மனிதர் இன்சால்வன்சி கோர்ட்டில் பணம் இழந்தவர்கள் பக்கம் நின்று வாதாடினார். விஷயம் திவால் வழக்கோடு நிற்கவில்லை, கிரிமினல் வழக்காகவும் ஆனது. மோசடிக் குற்றம் நிரூபணமாகி, சர் பட்டம் பெற்ற ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. வெள்ளைக்காரர் ஆண்ட ஊரில் வெள்ளைக்கார வியாபாரத் தலைவர் சிறைக்குப் போனார். போன பணம் அதனால் திரும்பி வந்துவிடுமா? கிருஷ்ணஸ்வாமி ஐயரைக் குடைந்த கேள்வி வேறு: மிச்சம் மீதி இருக்கிற பணத்தை இனி எங்கே போடுவது?

அந்தக் கேள்விக்கு அவர் கண்ட விடை அன்றைய நிலையில் துணிச்சலானது. நம்மவர்களே ஒரு வங்கி தொடங்குவது. கூட்டு வியாபாரமாக அல்ல, பங்கு விற்று, கணக்கை வருஷா வருஷம் வெளியில் வைக்கிற லிமிடெட் கம்பெனியாக. ஆர்பத்நாட்டில் இருந்த ஓட்டை எதுவோ அதைத்தான் முதலில் அடைத்தார். யோசனை சரி, நேரம்? பலமான ஆங்கிலேய நிறுவனமே கவிழ்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. காயம் ஆறாத கைகளிடம் போய் இன்னும் கொஞ்சம் பணம் கொடுங்கள் என்று கேட்பதா? அதுவும் கோர்ட்டில் வாதாடத் தெரிந்தவர்கள் நடத்தப்போகும் வங்கிக்கு?

இங்கேதான் காலம் கை கொடுத்தது. வங்கப் பிரிவினைக்குப் பிறகு சுதேசி அலை தெற்கே அடித்துக்கொண்டிருந்தது. ஆர்பத்நாட் விழுவதற்கு ஆறே நாள் முன்னால், அக்டோபர் 16ல்தான், தூத்துக்குடியில் வ.உ.சி.யின் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. தலா 25 ரூபாய் பங்கு. சொந்தக் கப்பல் விட முடியுமென்றால் சொந்த வங்கி ஏன் முடியாது என்று கேட்கிற தைரியம் காற்றில் இருந்தது. ஆனால் தைரியத்தை மட்டும் வைத்துக்கொண்டு கல்லாவைத் திறக்க முடியாது. பணம் புழங்கிப் பழகிய கை வேண்டும். கிருஷ்ணஸ்வாமி ஐயர் நாட்டுக்கோட்டை நகரத்தார் பக்கம் திரும்பினார்.

பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் லேவாதேவி நடத்தியவர்கள் அவர்கள். உண்டியல் சீட்டு ஒன்றை எழுதினால் கடல் கடந்து பணம் கை மாறும். பெட்டியடியில் குந்தி, அரையணா பிசகாமல் பேரேடு எழுதிய பரம்பரை. அவர்களுக்கு வங்கித் தொழிலை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் பழக்கம் குடும்பத்துக்குள், உறவுக்குள், வாக்குக்குள் நடக்கிற தொழில். முகம் தெரியாத பங்குதாரர்களோடு சேர்ந்து ஒரு கம்பெனி, அதற்கு டைரக்டர்கள், அச்சடித்த ஐந்தொகை என்பதெல்லாம் வேறு உலகம். வக்கீலின் சட்டமும் செட்டியாரின் கல்லாவும் ஒரே மேஜைக்கு வருமா என்பதே சந்தேகம். வந்தன. எஸ்.ஆர்.எம்.எம். ராமசாமி செட்டியார் ஆதரவுக்கு முன்வந்தார். பின்னாளில் பல்கலைக்கழகம் கண்ட அண்ணாமலை செட்டியாரின் அண்ணன் அவர். பெரிய கை ஒன்று நீண்டதும் மற்றக் கைகள் தயக்கத்தை விட்டன. 1907 மார்ச் 5ல் புதிய கம்பெனி பதிவானது. இனி அதற்கு ஒரு கூரை வேண்டும்.

கூரை கிடைத்த இடம் பாரிமுனை, பாரி கம்பெனியின் கட்டடம். மூன்று ஆங்கிலேயப் பெரிய வீடுகளில் ஒன்று விழுந்ததால் பிறந்த சுதேசிக் குழந்தை, இன்னொன்றின் கட்டடத்தில் குடியேறியது. கதவு திறந்த நாள் 1907 ஆகஸ்டு 15. அன்றைக்கு அந்தத் தேதிக்கு எந்த விசேஷமும் கிடையாது. நாற்பது வருஷம் கழித்து அதே தேதியில் கோட்டையில் வேறு கொடி ஏறும் என்று பாரிமுனையில் நின்ற யாருக்கும் தெரியாது. கொடி வருவதற்கு முன்பே பெயர் வந்துவிட்டது. வாசலில் மாட்டிய பலகையில் இருந்த பெயர், இந்தியன் பேங்க்.

ஆமாம், தமிழ்நாட்டில் பஸ் ஸ்டாண்டுக்கும் மார்க்கெட்டுக்கும் பக்கத்தில் தினமும் கண்ணில் படுகிற அதே இந்தியன் வங்கி. கல்விக்கடனுக்கும் நகைக்கடனுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் ஏறி இறங்குகிற அந்தப் படிகளுக்குக் கீழே, சான் ஃபிரான்சிஸ்கோவின் சாம்பலும் லண்டன் ரயில் பாதையின் ரத்தமும் ஒரு திங்கட்கிழமையின் அழுகையும் கிடக்கின்றன.

புது வங்கிக்கு மூன்று மாதம் நிறைவதற்குள் சோதனை வந்தது. பூகம்பத்துக்காகப் போன தங்கத்தைத் தடுக்க லண்டன் போட்ட அணைகள் அமெரிக்காவில் பணத்தட்டுப்பாடாகத் திரும்பி அடித்தன. நியூயார்க்கில் நிக்கர்பாக்கர் டிரஸ்ட் என்ற பெரிய நிறுவனத்தின் வாசலில் கூட்டம் முண்டியடித்து, அது பணம் கொடுப்பதை நிறுத்திய நாள் 1907 அக்டோபர் 22. ஆர்பத்நாட் விழுந்து சரியாக ஒரு வருஷம், தேதி உட்பட. ஜே.பி. மார்கன் என்ற தனிமனிதர் வங்கி முதலாளிகளைக் கூட்டி உட்காரவைத்துத்தான் அமெரிக்காவைக் கரையேற்றினார். ஒரு தேசத்தின் பணம் ஒரு மனிதரை நம்பி இருக்கலாமா என்று பயந்த அமெரிக்கா, 1913 டிசம்பரில் ஃபெடரல் ரிசர்வ் என்ற மத்திய வங்கியைப் படைத்தது. இன்று அது வட்டியைக் கால் சதவீதம் அசைத்தால் மும்பைச் சந்தை ராத்தூக்கம் கெடுகிறது. ஒரே பூகம்பத்தின் அலையில் வாஷிங்டனில் ஒன்றும் பாரிமுனையில் ஒன்றுமாகக் கரையேறிய இரண்டு ஸ்தாபனங்கள் இவை என்று எண்ணிப் பார்க்கையில் உடம்பு சிலிர்க்கிறது.

கிருஷ்ணஸ்வாமி ஐயர் ஹைகோர்ட் நீதிபதியாகி, பிறகு கவர்னரின் நிர்வாக சபைக்கும் போய், 1911 டிசம்பரில் 48 வயதிலேயே கண்ணை மூடிவிட்டார். தான் நட்ட செடிக்கு வந்த புயல்களை அவர் பார்க்கவில்லை. 1913ல் தேசம் முழுக்கச் சுதேசி வங்கிகள் சீட்டுக்கட்டு மாதிரிச் சரிந்தன, இது நின்றது. 1932ல் கடல் தாண்டிக் கொழும்பில் கிளை திறந்தது. 1969 ஜூலை 19ல் அரசுடைமையான 14 வங்கிகளில் ஒன்றானது. பிறகு, எதைத் தடுக்கப் பிறந்ததோ அந்தப் படுகுழியின் விளிம்புக்கே ஒருமுறை போனது. 1995-96ல் ஒரே வருஷத்தில் 1,336 கோடி ரூபாய் நஷ்டம். வாராக்கடன் மலையாகக் குவிந்திருந்தது. அந்த வருஷங்களில் பேப்பரைப் பிரிக்கும்போதெல்லாம் சேமிப்பு வைத்திருந்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். ஆனால் 1906 மறுபடி நடக்கவில்லை. முதலாளி அரசாங்கம், கணக்கு வெளியில் இருந்தது, அரசு பணம் போட்டது. சில வருஷத்தில் எழுந்து நின்றது. 2020 ஏப்ரல் 1ல், 1865ல் ஐரோப்பியர்கள் தொடங்கிய அலகாபாத் வங்கியைத் தன்னோடு இணைத்துக்கொள்ளும் அளவுக்கு எழுந்தது.

காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது, மாவட்டத்தின் முன்னோடி வங்கிப் பொறுப்பும் இந்தியன் வங்கிக்கே வந்தது. டி மான்டி அடக்கமான கோவளமும் கல் உளிச் சத்தம் கேட்கிற மாமல்லபுரமும் சதுரங்கப்பட்டினமும் அந்த எல்லைக்குள். கடலோரக் குப்பங்களில் மகளிர் சுய உதவிக் குழுக்களின் பாஸ்புக் எங்கே இருக்கும் என்று வீட்டுக்காரிக்கு மட்டும்தான் தெரியும். ரேஷன் கார்டோடு சேர்த்து பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, அரிசி டப்பாவுக்குள். உப்புக்காற்றில் அட்டையின் ஓரம் சுருண்டிருக்கும், நடுப்பக்கத்தில் தையல் நூல் தெரியும்.

திங்கட்கிழமை காலை பத்து மணி. ஷட்டர் மேலே போகிறது. ஞாயிற்றுக்கிழமை மீன் வியாபாரப் பணத்தை முந்தானையில் முடிந்து வந்தவள் சலானை நீட்டுகிறாள், பாஸ்புக்கை மெஷின் வாயில் வைக்கிறார்கள். டர்ர்ர் என்று ஒரு சத்தம், புதிதாக ஒரு வரி. கடைசியில் விழுந்த இருப்புத் தொகையை விரலால் தொட்டு, உதடு அசைய ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டு, அவள் மறுபடி ரப்பர் பேண்டைப் போடுகிறாள்.